அடுப்புக்குத் தப்பிய கட்டை

முரட்டு மர வாங்கு ஒன்றைக் கண்டால் எல்லோரும் செய்வது ஒன்றுதான். மேலே தடவிப் பார்ப்பார்கள், “அட, அப்படியே இயற்கையா விட்டிருக்காங்களே” என்பார்கள், உட்கார்ந்து ஒரு செல்ஃபி எடுப்பார்கள், போய்விடுவார்கள். போதவே போதாது! குனியுங்கள். இன்னும் கொஞ்சம். முழங்கால் சேற்றில் பதிந்தால் பதியட்டும், தலையை உள்ளே விட்டு வாங்கின் அடிவயிற்றைப் பாருங்கள். திருட்டுத்தனமெல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. நெடுக ஓடும் ஒரு வாள்வெட்டு, ஏதோ கை தவறிப் போட்டதுபோல. விரிசலுக்குக் குறுக்கே பதித்த சின்னச் சின்ன மரத்துண்டுகள். எங்கே நுழைந்தன, எப்படி நிற்கின்றன என்றே தெரியாத கால்கள். மேலே ‘சும்மா கிடந்த கட்டை நான்’ என்று பாசாங்கு செய்கிற பொருள், கீழே கடிகாரத்தின் உட்புறம் மாதிரி அத்தனை கணக்கோடு இருக்கிறது!

நான் இப்படி மண்டியிட்டுக் கிடந்த இடம் றொசல்லப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பின்கட்டு. றொசல்ல எங்கே என்று கேட்பவர்களுக்கு: வட்டவளையைத் தாண்டி, ஹட்டனைத் தொடுமுன், ரயில் ஜன்னலில் ஒரு பெயர்ப்பலகை ஓடி மறையுமே, அதுதான். தண்டவாளம் 1884இல் இந்த வழியாகத்தான் மூச்சிரைக்க ஹட்டனுக்கு ஏறியது. மழையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் வில்லன் அதுதான். பக்கத்து வட்டவளையில் வருடத்துக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. யாழ்ப்பாணத்தார் ஒரு வருடம் முழுக்கப் பார்க்கிற மழையைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. அப்படிப்பட்ட ஊரில் வெட்டவெளியில் மர வாங்கு போட ஒருவருக்குத் துணிச்சல் வேண்டும். கொஞ்சம் பைத்தியமும் வேண்டும்.

இரண்டும் உள்ளவர், எல்லோரும் பாஸ் என்று கூப்பிடுகிற தச்சர். பெயரைக் கேட்டேன். “பேரெல்லாம் போடாதீங்க மிஸ். போட்டா நாளைக்கே பத்துப் பேரு வாங்கு கேட்டு வந்து நிப்பாங்க” என்றார். ஸ்டோரில் நெடுங்காலம் மரவேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தோட்டத்தில் ஸ்டோர் என்றால் தேயிலைத் தொழிற்சாலை. வெளியூர்க்காரர் கடை என்று நினைத்து ஏமாந்துபோவார்கள். இப்போது அவர் பட்டறை, லயத்தின் கடைசிக் காம்பராவுக்குப் பின்னால் நாலு தகரமும் ஒரு தார்ப்பாயும்.

கட்டை எங்கிருந்து வருகிறது? வானத்திலிருந்து என்றே சொல்லலாம். வைகாசி, ஆனி மாதங்களில் தென்மேற்குக் காற்று ஏறிவிட்டால் ஹட்டன் வீதியில் போய் வருகிறவர்களுக்குத் தெரியும், எந்த வளைவில் எந்த மரம் குறுக்கே படுத்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஈரத்தில் மண் இளகி, வேரோடு சாய்ந்துவிடும். வீதியைத் திறக்கிற அவசரத்தில் துண்டு துண்டாக அறுத்து ஓரத்தில் உருட்டிவிடுவார்கள். அதோடு கட்டையின் ஆயுள் முடிந்த மாதிரிதான். அதற்கு மூன்று பேர் ஏற்கெனவே காத்திருக்கிறார்கள். முதல் ஆள் ஸ்டோர். கொழுந்தை வாட்டவும் உலர்த்தவும் வேண்டிய சூட்டுக்கு விறகுதான் எரிகிறது. நீங்கள் குடிக்கிற பிளேன்டீக்குள் கொழுந்து மட்டுமல்ல, கொஞ்சம் கட்டையும் இருக்கிறது! இரண்டாவது ஆள் லயத்து அடுப்பு. மூன்றாவது, நல்ல நேரான மரமாக இருந்தால் மட்டும் கண் வைக்கிற மரக்காலை லொறி. நாலாவதாக ஒருவர் வந்து, “இத நான் வாங்காக்கப் போறேன்” என்றால் என்ன ஆகும்? சிரிப்பார்கள். பாஸைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள்.

சிரித்தவர்கள் இப்போது கொழுந்து மடுவத்தருகே எப்போது போடுவார் என்று கேட்கிறார்கள். அங்கேதான் இந்த வாங்கு போகிறது. கொழுந்து நிறுக்கிற நேரத்தில் பெண்கள் வரிசையில் காத்து நிற்கிற இடம். கால் கடுத்தால் ஈரப் புல்லில் குந்த வேண்டும். குந்தினால் அட்டை ஏறும். பங்களாப் புல்வெளியில் துரைமார் சாய்ந்து கிடக்க நீண்ட கைவைத்த நாற்காலிகள் நூறு வருடமாக இருந்திருக்கின்றன. மடுவத்தில் ஒரு பலகை போட எவருக்கும் தோன்றவில்லை என்பதை நான் இங்கே முணுமுணுத்துக்கொண்டு கடந்து போகிறேன், ஏனென்றால் பாஸ் அதற்குள் கோடாலியை எடுத்துவிட்டார்.

“மொதல்ல பட்டைய உரிச்சிரணும் மிஸ். பட்டையோட வெச்சா பாக்க அழகுதான். ஆனா உள்ளுக்கு வண்டு குடியிருக்கும்.” பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே ஈரம் தங்கும், பூச்சி முட்டையிடும், ஒரே மழைக்காலத்தில் பட்டை கழன்று தொங்கும். பச்சையாக இருக்கும்போதே மண்வெட்டியின் முனையை உள்ளே விட்டு நெம்பினால், பெரிய பெரிய தோலாக உரிந்து வருகிறது. சத்தியமாகச் சொல்கிறேன், அதைப் பார்ப்பதில் ஒரு போதை இருக்கிறது. நான் கேட்டு வாங்கி ஒரு முழம் உரித்தேன். கை முழுக்கப் பிசின்.

மரத்தைத் தேர்வதில்தான் பாஸின் முகம் பரீட்சை மண்டப முகமாகிறது. தோட்டத்தில் எங்கும் நிற்கிற நிழல்மரம் சில்வர் ஓக். பாஸ் வாயில் அது சபுக்கு. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரைக்காரன், தோட்டங்களோடு இங்கே வந்து குடியேறியவன். அதை நடுவெட்டாக அறுத்தால் உள்ளே சரிகை போட்ட மாதிரி மினுக்கும் செதில்கள் தெரியும். நான் வாய் பிளந்தேன். பாஸ் பிளக்கவில்லை. “மினுக்குறான், ஆனா மழைக்கு நிக்க மாட்டான். செல்லுக்கு விருந்து.” போதாததற்கு அதன் தூள் பட்டால் சிலருக்குத் தோல் தடித்து அரிக்கும், அறுக்கும்போது அவர் கழுத்தில் துவாயைச் சுற்றிக்கொள்வது அதற்குத்தான். சபுக்கு இஸ்தோப்புக்குள் போடுகிற வாங்குக்குச் சரி, வெட்டவெளிக்கு வேண்டாம்.

பலா கிடைத்தால் தங்கம். ஆனால் பலாவைத் தொட முன் கடதாசியைத் தொட வேண்டும்: 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் பலாவையும் ஈரப்பலாவையும் காக்கிறது. விழுந்த மரமானாலும் தோட்டத்துக் கட்டைக்கு ஓர் உரிமையாளர் உண்டு, லொறியில் ஏற்றினால் வீதியில் அனுமதிப்பத்திரம் கேட்பார்கள். பாஸ் முதலில் அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் கட்டையை உருட்டுகிறார். அந்தத் துண்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில், வெற்றிலையோடு.

ஆகவே இந்த வாங்குக்கு வந்தது டர்பன்டைன், அதாவது யூக்கலிப்டஸ். கனம், உறுதி, எங்கும் கிடைக்கும். குணம் மட்டும் மோசம்! நிற்கும்போதே உள்ளுக்குள் முறுக்கேறி வளர்கிற மரம் இது. அறுத்துப் போட்ட அன்றைக்கே முனை வெடிக்கத் தொடங்கும். இரவில் ‘டப்’ என்று சத்தம் கேட்டு லயத்து நாய்கள் குரைத்த கதை ஒன்று உண்டு. அதனால் அறுத்த கையோடு இரண்டு முனைகளிலும் பழைய பெயின்டைப் பூசி மூடிவிடுகிறார். பெயின்ட் இல்லாவிட்டால் உருக்கிய மெழுகுதிரி. மரத்தின் ஈரம் முனை வழியாகத்தான் மிக வேகமாக ஓடும். அந்த வாயை அடைத்தால் அது ஆற அமரக் காய வேண்டியதுதான்.

அடைத்தும் வெடிக்கும். இங்கேதான் நான் முதலில் பார்த்த அந்த நீண்ட வாள்வெட்டின் மர்மம் உடைகிறது. காய்கிற மரம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்காது. வளையங்களின் வழியே சுருங்குவது, நடுவிலிருந்து வெளியே போகும் திசையில் சுருங்குவதைவிட ஏறத்தாழ இரு மடங்கு. எங்காவது கிழிந்தே ஆக வேண்டும். “கிழியத்தானே போற? நான் சொல்ற எடத்துல கிழி”, இது பாஸ் கட்டையிடம் சொன்னது, என்னிடம் அல்ல. அடிப்பக்கத்தில் நெடுக, மரத்தின் நடுநெஞ்சை நோக்கி ஒரு வெட்டுப் போட்டுவிடுகிறார். சுருக்கம் முழுவதும் அந்த வெட்டை வாய் திறக்க வைக்கிறது. மேலே உட்காரும் முகம் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறது. ஜப்பானில் வீட்டுத் தூண்களின் மறைவான பக்கத்தில் தச்சர்கள் காலங்காலமாக இதையே செய்கிறார்கள் என்றேன். “அப்ப அவங்களுக்கும் டர்பன்டைன் இருக்கு போல” என்றார்.

கட்டையைப் பிளப்பது ஒரு நாடகம். கரி தோய்த்த நூலை இழுத்துப் பிடித்துச் சுண்டினால் நேர்கோடு விழும். அதன் வழியே செயின்வாள் இறங்குகிறது. குறுக்கே அறுப்பது நிமிட வேலை. நெடுக அறுப்பது பொறுமையின் வேலை, வாள் சூடேறி உறுமும், தூள் நூலிழை மாதிரி நீளமாகச் சுருண்டு வரும். ஆறடி நீளம், பதினைந்து அங்குல விட்டம் உள்ள பச்சைக் கட்டையின் பாதி நூறு கிலோவுக்கு வரும். அதைப் புரட்ட லயத்து இளைஞர்கள் நாலு பேர் வந்தார்கள். வந்தவர்களில் ஒருவர் வேலை செய்தார், மற்ற மூவர் வேலை செய்வது எப்படி என்று அவருக்குச் சொன்னார்கள். பிறகு வாய்ச்சி. பலகையில் சின்னச் சின்ன அலைகளை அது விட்டுப்போகிறது. ஏன் சீவுளி போட்டு வழவழப்பாக்கவில்லை என்று கேட்டேன். ஈரத்தில் வழுக்குமாம். பதிலோடு இன்னொரு களவையும் காட்டினார்: உட்காரும் முகம் மட்டமாகவே இல்லை! முன்பக்கம் ஒரு நூல் தாழ்வு. கண்ணுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும்; தேங்காமல் ஓடிவிடும்.

இப்போது கால்கள். கவனமாகக் கேளுங்கள், நான் மிகவும் துள்ளிக் குதித்த கட்டம் இது.

கால்கள் தேயிலை மரம். ஆம், தேயிலை! இடுப்பளவுக்கே கவ்வாத்துப் பண்ணி வைத்திருப்பதால் அதைச் செடி என்று நினைக்கிறோம். விட்டால் மரமாக வளரும். புதுக் கன்று நடப் பழைய தேயிலை மலையைப் பிடுங்கும்போது, விதையிலிருந்து வளர்ந்த கிழட்டுத் தேயிலைகளின் அடிக்கட்டைகள் குவியும். முறுக்கேறி, முடிச்சுப்போட்டு, இரும்பாக இருக்கும். அவற்றில் நேரானவற்றைப் பொறுக்கிக் கால் செதுக்குகிறார் பாஸ். செதுக்கியதும் அவை போகிற இடம் அடுப்படி. லயத்து அடுப்புக்கு மேலே விறகு காயப் போடுகிற பரணில், புகைக்குள்ளே, வாரக் கணக்கில். தின்னக் காத்திருந்த அடுப்பையே கூப்பிட்டுக் கால்களைக் காய வைக்கச் சொல்கிறார் மனிதர்!

ஏன் இத்தனை காய்ச்சல்? ஏனென்றால் பலகை இன்னும் பச்சை. எலும்பாகக் காய்ந்த காலைப் பச்சைப் பலகையின் துளையில் அடித்து இறக்கினால், பலகை காயக் காயத் துளை சுருங்கிக் காலைக் கவ்வும். பசை இல்லை, ஆணி இல்லை. நாளாக ஆக இறுக்கம்தான்.

அதோடு விடவில்லை. சாதாரணமாகத் துளையை மேல்வரை போட்டு, காலின் தலை வெளியே தெரிய, அதில் ஆப்பு அடிப்பார்கள். றொசல்ல மழைக்கு அது திறந்த கதவு. தண்ணீர் துளைவழி இறங்கி உள்ளேயே அழுக வைக்கும். பாஸ் துளையைப் பாதியில் நிறுத்திவிடுகிறார். காலின் தலையில் ஒரு பிளவு, அதில் ஒரு சிறு ஆப்பை நுனி மட்டும் செருகி, அப்படியே துளைக்குள் விட்டு அடிக்கிறார். ஆப்பு துளையின் கூரையில் முட்டும். மேலும் அடிக்க அடிக்க அது பிளவுக்குள் ஏறிக் காலின் தலையை உள்ளேயே அகட்டிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. ஆனால் உள்ளே போன கால் இனித் திரும்பி வராது, பாஸே கெஞ்சினாலும் வராது! ஆப்பின் திசையும் முக்கியம்: பலகையின் நாரின் போக்கில் அது அகட்ட வேண்டும், நாருக்குக் குறுக்காக அல்ல. தவறினால் அடிக்கிற அடியில் பலகையே இரண்டு. ஆப்பு ஒரு நூல் நீளமாகிவிட்டால் கால் பாதி வழியில் நின்றுவிடும், முன்னேயும் போகாது பின்னேயும் வராது. ஒரே ஒரு வாய்ப்பு. கொட்டாப்புளி ஏறி இறங்க, நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்து நிற்க, அடியின் சத்தம் ‘தொப் தொப்’ என்பதிலிருந்து ‘டங்’ என்று மாறியது. “உக்காந்துட்டான்” என்றார். கைதட்டினோம். மூன்று முறை, ஏனென்றால் மூன்று கால்.

மூன்று ஏன்? மலைநாட்டில் மட்டமான நிலம் எங்கே இருக்கிறது! நாலு கால் ஆடும். மூன்று கால் எந்தக் கோணல் நிலத்திலும் ஆடாது. ஒரு முனையில் இரண்டு, மறுமுனையில் ஒன்று, அந்த ஒற்றைக் கால் இரண்டு கால் பருமன். ஒற்றைக் கால் பக்கத்து ஓரத்தில் யாராவது குந்தினால் கவிழாதா? கவிழும், அதனால்தான் அந்தக் கால் ஓரத்துக்கு மிக அருகே. பாதங்கள் மண்ணைத் தொடுவதில்லை, ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு கருங்கல். மரம் அழுகத் தொடங்குவது எப்போதும் மண்ணும் காற்றும் சந்திக்கிற அந்த விளிம்பில்தான்.

விரிசலுக்குக் குறுக்கே பதித்த துண்டுகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. நடுவில் ஒடுங்கி இருபக்கமும் விரிந்த வண்ணத்துப்பூச்சி வடிவம், அதுவும் தேயிலைக் கட்டையில். விரிசல் மேலும் ஓடாமல் தைத்துப் பிடிக்கிறது. இந்தத் தையலை உலகப் புகழாக்கியவர் ஜோர்ஜ் நகஷிமா என்ற ஜப்பானிய அமெரிக்கர். மரக்காலைக்காரர்கள் கழித்துப் போட்ட வெடித்த, கணு விழுந்த கட்டைகளைத் தேடித் தேடி எடுத்து, வெடிப்பை மறைக்காமல் வண்ணத்துப்பூச்சி போட்டு மேசையும் வாங்கும் செய்தார். நம்மவருக்கு அவரில் ஒரு சொந்தம் உண்டு. 1930களின் பிற்பாதியில் அவர் புதுச்சேரியில் இருந்தார்! அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதியை வடிவமைத்த அந்தோனின் ரேமண்டிடம் வேலை பார்த்த கட்டடக் கலைஞர் அவர். அந்த விடுதிக்கு மரச்சாமான்களும் செய்தார். பிறகு 1942இல், போர்க்காலத்தில், அமெரிக்கா தன் ஜப்பானிய வம்சாவளி மக்களை அடைத்த மினிடோகா முகாமில், ஜென்டாரோ ஹிகோகவா என்ற தச்சரிடம் கைத்தொழிலின் நுட்பங்களைக் கற்றார். கையில் கிடைத்த கழிவுக் கட்டைகளே அங்கே அவர்களுக்கு மரம். இதையெல்லாம் கைபேசியில் படத்தோடு காட்டினேன். பாஸ் பெரிதாக்கிப் பார்த்தார். “நல்லாத்தான் போட்டிருக்காரு. ஆனா மேல போட்டிருக்காரே, தண்ணி போகாதா?” அவர் மேசை வீட்டுக்குள்ளே இருக்கும் என்று விளக்கினேன். “அப்பச் சரி.”

வார்னிஷ் கிடையாது. மரம் ஈரத்தில் ஊதும், வெயிலில் சுருங்கும். வார்னிஷ் கூடவே அசையாமல் வெடித்து உரியும், உரிந்த இடத்தில் தண்ணீர் புகும். ஆளி எண்ணெய் மட்டும், துணியில் தொட்டு மூன்று நாலு தரம். அந்தத் துணியைக் கசக்கி மூலையில் எறியாதீர்கள்! காயும்போது அது தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். பாஸ் விரித்துக் கம்பியில் காயப் போடுகிறார். பாதங்களுக்கு மட்டும் கழிவு ஒயில். மேலே பூசினால் சேலையெல்லாம் கறை, பிறகு அவர் லயத்தில் இருக்க முடியாது. ரயில் பாதையில் கழித்த சிலிப்பர் கட்டையில் செய்தால் என்ன என்று ஓர் இளைஞர் கேட்டார். பார்க்கக் கம்பீரமாகத்தான் இருக்கும். ஆனால் பழைய சிலிப்பரில் ஊறிய தார் எண்ணெய் வெயிலில் கசியும், தோலுக்கு ஆகாது. “அதோட அது கவர்மென்ட்டு சாமான் தம்பி” என்று பாஸ் முடித்தார்.

வெள்ளோட்டம் மடுவத்தில். நாலு பேர் சுமந்து வந்து கருங்கல்லில் இறக்கினார்கள். பதினேழு அங்குல உயரம், புத்தகக் கணக்கு. பெண்கள் வந்தார்கள், பார்த்தார்கள், தட்டினார்கள். ஓர் அக்கா கொழுந்துக் கூடை முதுகில் தொங்க அப்படியே உட்காரப் போனார். கூடையின் அடி வாங்கில் இடித்து, அவரை முன்னால் தள்ளியது.

“என்னா பாஸ், உக்காரத்தான் செஞ்சீங்களா, தள்ளிவிடச் செஞ்சீங்களா?”

ஒரே சிரிப்பு. பாஸ் சிரிக்கவில்லை. நெற்றியில் மாட்டிய கயிற்றோடு பாரம் முதுகில் இருக்கையில் எந்த மனுஷி உட்கார முடியும்? முதலில் பாரத்தை இறக்க வேண்டும், அதற்குப் புல்லில்தான் குனிய வேண்டும், அட்டை அங்கேயேதான் காத்திருக்கிறது. ஒரு வயதான அம்மா வழி சொன்னார்: பின்னால் உயரமாக ஒரு கட்டை இருந்தால் முதலில் கூடையை அதில் சாய்த்து வைத்துக் கயிற்றைக் கழற்றலாம், பிறகு முன்னால் வந்து உட்காரலாம். தமிழ்நாட்டுப் பழைய வழித்தடங்களில் தலைச்சுமையை ஆள் உதவி இல்லாமல் இறக்கி வைக்கக் கல்லில் நட்டார்களே, சுமைதாங்கி, அதேதான்! பிள்ளைத்தாய்ச்சியாக இறந்த பெண்களின் நினைவாக நட்ட கற்கள் அவற்றில் பல. இங்கே மரத்தில், வாங்கோடு ஒட்டி, உயிரோடிருப்பவர்கள் கேட்கிறார்கள்.

பாஸ் ஒரு நூலை எடுத்தார். வரிசையில் நின்ற ஒவ்வொருவர் முதுகிலும் கூடையின் அடி நிலத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று பிடித்து முடிச்சுப் போட்டார். நெட்டை அக்காவுக்கு ஒரு முடிச்சு, குட்டை அம்மாவுக்கு ஒன்று, நடுவே ஏழெட்டு. கூடைக்குப் பதில் சாக்குக் கட்டி வந்த தங்கச்சிகளுக்குத் தனி முடிச்சு. கடைசியில் நூலைப் பார்த்தவர், “ஒரே மட்டமா வெச்சா யாருக்கும் ஆகாது. சரிவா வெக்கிறேன். அவங்கவங்க உசரத்துக்கு அவங்கவங்க எடத்துல நில்லுங்க” என்றார். சாய்ந்த கட்டை! ஒரு முனை தாழ்ந்து மறுமுனை உயர்ந்து! எனக்குக் கூச்சல் போடத் தோன்றியது, போட்டேன்.

அதற்கு இன்னொரு கட்டை வேண்டுமே. கீழ் வளைவில் போன வாரம் விழுந்தது ஒன்று, லேசான சாய்வோடு, இதற்கென்றே வளர்ந்த மாதிரி கிடக்கிறதாம். சொல்லி வாய் மூடவில்லை, கீழிருந்து ஏறி வந்த பையன் மூச்சு வாங்கச் சொன்னான்: “அதத்தானே பாஸ் ஸ்டோருக்கு ஏத்திக்கிட்டிருக்காங்க!” துவாயைத் தோளில் எறிந்துவிட்டு பாஸ் குறுக்குப் பாதையில் இறங்கி ஓடினார், சட்டைப்பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டே. அனுமதித் துண்டில் ஒரு கட்டைக்குத்தான் கையெழுத்து இருக்கிறது என்று பின்னாலிருந்து கணக்கப்பிள்ளை கத்துகிறார். பெண்கள் அவரைவிடச் சத்தமாக, லொறியை நிறுத்தச் சொல்லிக் கத்துகிறார்கள்.